வீட்டுக்குள் இருந்தவளுக்குப் பகடை இல்லை

டுலூத் துறைமுகம்
1984 மே 6

அன்புத் தங்கச்சி லெம்பிக்கு,

வாய் என்னுடையது, கை ஹார்லனுடையது. போன வருஷம் எழுதிக் கொடுத்தவன் வேறு கப்பலுக்குப் போய்விட்டான். ஹார்லன் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன், மில்வாக்கிக்காரன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவான். நான் சுகம். ஈரக்காற்றுக்கு முட்டி மட்டும் முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

உன் கடிதத்தை ஹார்லன் வாசித்தான். எல்லாம் சௌக்கியம் என்று இருந்தது. பிறகு தாளை நானே வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. மரம் வெட்டும் முகாமில் ஏது பள்ளிக்கூடம். ஆனால் உன் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். காற்றில் படுத்த புல் மாதிரி எப்போதும் வலப்பக்கம் சாயும். இந்தத் தடவை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்தக் கையால் எழுதினாய், ஏன் என்று சொல்.

இங்கே ஒரு கூத்து. ராச்சாப்பாடு முடிந்ததும் ஹார்லனும் சமையல்காரன் லெஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். காய் இல்லை, கட்டம் இல்லை. ஹார்லன் கதை சொல்லுவான்: "முன்னால ஒரு குகை. உள்ளே மூச்சு விடுற சத்தம். என்ன பண்றீங்க?" ஆளாளுக்குத் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லுவார்கள். இருபது முகம் வைத்த பகடையை உருட்டுவார்கள். வெட்டு விழுந்ததா, தலை போனதா என்பதைப் பகடை சொல்லும். சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று சிரித்தேன். லெஸ்டர் சொன்னான், "சிரிக்கிறத விட்டுட்டு நீங்களும் ஒரு ஆளைக் கட்டுங்க பெருசு. படிக்கத் தெரியாட்டி என்ன, கொல்லத் தெரியும்ல?"

என்ன மாதிரி ஆள் கட்டலாம், நீ சொல்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அண்ணன் ஆர்வோ

*

ஓட்டர் கிரீக்
ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை லெம்பி நலமாக இருக்கிறேன். முட்டியில் கம்பளித் துணி சுற்றிக்கொள். வெறும் சாராயம் தடவினால் போகாது.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீராவிக் குளியலுக்குப் போனபோது சவுனா படியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. வயதாகிறது, வேறொன்றும் இல்லை. உன் மாப்பிள்ளை டென்சில்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் பதில் சொல்லச் சிரமப்படுவேன் என்று டாக்டரிடம் அவரே எல்லாம் சொன்னார்.

வேலையில் ஓய்வு பெற்றதிலிருந்து என்மேல் ரொம்ப அக்கறை. கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார். காட்டுப்பக்கம் திருடர்கள் திரிகிறார்களாம். ஒரு நாயும் வாங்கியிருக்கிறார். கார் சாவியை அவரே வைத்துக்கொள்கிறார், நான் மறந்து எங்காவது போட்டுவிடுவேன் என்று. தபால் பெட்டிக்கும் அவரே போய்வருகிறார். சனிக்கிழமை மட்டும் கூட்டுறவுக் கடைக்குக் கூட்டிவருவார். அவர் பெட்ரோல் போடும் நேரத்தில் சைமாவின் கல்லாப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் விளையாட்டைப் படித்துச் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாயிற்று. ஆளைப் பாதிரியாகக் கட்டு. அம்மா உன்னைப் பாதிரியாக்கத்தானே ஆசைப்பட்டாள். திருடனாக மட்டும் கட்டாதே. கத்தியை அடுப்பில் போட்டு அம்மாவுக்குச் சத்தியம் செய்தவன் நீ.

சைமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்பு குறையாத
லெம்பி

*

ஆஷ்டபுலா
ஜூலை 11

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். கம்பளி சுற்றினேன், தேவலை. உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகிலிருந்து வாளியில் ஏறி வந்தது, ஓரம் நனைந்து.

நம் சவுனாவுக்குப் படி இல்லை, லெம்பி. அதைக் கட்டியவன் நான். தரையோடு தரையாகக் கட்டினேன்.

ஆளைக் கட்டிவிட்டேன். பெயர் ஓலவி. நீ பாதிரி என்றாய். எனக்குத் தெரிந்தது திருடன். இரண்டும் வேண்டும் என்றேன். ஹார்லன் தலையைச் சொறிந்தான். "மாயக் காட்டுக்குலத்து ஆளா இருந்தா ரெண்டு தொழிலையும் ஒண்ணாப் பார்க்கலாம் பெருசு. மனுஷனுக்கு அப்படிக் கிடையாது. ஒண்ண விட்டுட்டுத்தான் இன்னொண்ணு."

மனுஷன்தான் வேண்டும் என்றேன். அதனால் ஓலவி முன்னாள் திருடன். நிழலில் ஒளிவான், ஓசையில்லாமல் நடப்பான், பூட்டைத் திறப்பான், பின்னாலிருந்து ஒரே அடியில் முடிப்பான். இப்போது பாதிரி. பாதிரி கத்தி எடுக்கக் கூடாது, தடிதான். புதுத் தொழில் பழையதைத் தாண்டி வளரும்வரை பழைய வித்தையைத் தொடவே கூடாது. தொட்டால் அந்த ஆட்டத்தில் சேர்த்த புள்ளி அத்தனையும் போச்சு. இரும்புச் சட்டை வேண்டாம் என்றேன், சத்தம் போடும். தோல் சட்டை, ஈரத்துணி சுற்றிய செருப்பு. லெஸ்டர், "பாதிரியாருக்கு எதுக்குய்யா ஈரத்துணி?" என்றான். "பூசை நேரத்துல யாரும் முழிச்சுக்கக் கூடாதுல்ல" என்றேன்.

முதல் ஆட்டத்தில் எலிமூஞ்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் எங்களைப் பாலத்தில் மடக்கினார்கள். லெஸ்டரின் ஆளுக்குக் காது போனது. ஓலவி ஒருவன் தொண்டையில் தடியை வைத்துப் பாலத்துக் கம்பியோடு அழுத்தினான். கால் உதைப்பது நிற்கும்வரை எடுக்கவில்லை. அது பாதிரி வேலையா திருடன் வேலையா என்று ரொம்ப நேரம் வழக்கு. ஹார்லன் பாதிரிக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த ஆட்டத்துக்கு ஹார்லனுக்கு ஒரு வீடு வேண்டுமாம். உன் வீட்டைச் சொன்னேன். நான் வந்து மூன்று வருஷமாகிறது. படியில் எது முனகும்? நாய் எங்கே படுக்கிறது? வீட்டுக்காரன் எங்கே தூங்குகிறான்?

மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

அண்ணன் ஆர்வோ

*

ஓட்டர் கிரீக்
ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்கள் முழுக்க மடங்கவில்லை, அதனால் எழுத்து கோணல். மன்னித்துக்கொள்.

சவுனாவுக்கு டென்சில் படி வைத்தார். நீ பார்க்கவில்லை.

விளையாட்டுக்குத்தானே கேட்கிறாய், சொல்கிறேன். வாசற்படியில் மூன்றாவது முனகும். நாய் அடுப்புக்குக் கீழே படுக்கிறது, வலது காது கேட்காது. வீட்டுக்காரர் கட்டிலில் தூங்குவதில்லை. முன்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மான் துப்பாக்கி மடியில் இருக்கும். குறட்டை நின்றால் தூக்கம் கலைந்துவிட்டது என்று அர்த்தம். குறட்டை மாறினால் இல்லை. பின்கதவைப் பலகை வைத்து அடித்திருக்கிறார்.

இந்த வருஷம் குளிர்காலத்துக்குக் கப்பலைக் கரையில் கட்டியதும் நீ இங்கே வரவேண்டாம். சாலை மோசம். டென்சிலுக்கு விருந்தாளிகள் ஒத்துக்கொள்வதில்லை.

உன் ஓலவி பாதிரியாகவே வளர்கிறானா? அதைச் சொல். அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

லெம்பி

*

டுலூத்
செப்டம்பர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். ஏரி இப்போதே குணம் மாறிவிட்டது. நேற்று ஓர் அலை சமையலறைவரை வந்து லெஸ்டரின் ரொட்டி மாவை உப்பில்லாத தண்ணீரில் பிசைந்துவிட்டுப் போனது. நீ காய்ச்சல் வராமல் இரு.

வீட்டை ஆடினோம். அதில் ஓர் அரக்கன் குடியிருக்கிறான். மற்றவர்கள் வெளியே நிற்க, ஓலவி மட்டும் உள்ளே போனான். முதல் தடவை நாய் இடது காதால் கேட்டுவிட்டது. அரக்கன் எழுந்து ஓலவியின் தாடையை உடைத்து, சுவரோடு சேர்த்து மிதித்தான். செத்தான். இன்னொரு தடவை கேட்டேன். ஹார்லன் விட்டான். நாயைக் கறி வைத்து முடித்தேன். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் போக இடம் இல்லை. வயிற்றில் குண்டு. மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கூரை வழியாக இறங்கி, குறட்டையோடு குறட்டையாக மூச்சு விட்டு, பின்னால் வந்து நின்று, காதுக்கு மேலே தடியை இறக்கினேன். பகடையில் இருபது விழுந்தது.

ஹார்லன் சொன்னான், "மண்டை ஓடு ஏரிப் பனிக்கட்டி மாதிரி படார்னு உடையுது."

நான் சொன்னேன், "அப்படிக் கேக்காது. ஈர மரத்துல கோடாலி எறங்குற மாதிரி, மொத்துன்னு கேக்கும். அப்புறம் மூக்கு வழியா ஒரு காத்து போகும். அவ்வளவுதான்."

லெஸ்டர் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். ஹார்லன் ஓலவியின் தாளில் கோடு போட்டான். பழைய தொழிலைத் தொட்டதால் பாதிரிக் கணக்கில் சேர்ந்தது எல்லாம் போச்சு என்றான். போகட்டும் என்றேன்.

சாலை எவ்வளவு மோசமானாலும் ஜனவரியில் வருவேன்.

அண்ணன் ஆர்வோ

அம்மா, இது ஹார்லன் என் சொந்த வார்த்தையில் எழுதுவது. பெரியவருக்குத் தெரியாது. அவர் ஆடுவது உங்கள் வீடு என்று எனக்குத் தெரியும். எஞ்சின் அறையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துப் படுக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார். விளையாட்டுக்கு யாரும் சுத்தியல் எடுப்பதில்லை. நீங்கள்தான் அவரைத் தடுக்க வேண்டும்.

*

ஓட்டர் கிரீக்
செப்டம்பர் 27

மச்சான் ஆர்வோவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த வயதில் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

லெம்பிக்கு இப்போது எழுத முடியாது. கண் வீங்கியிருக்கிறது, குளிர்காற்று பட்டிருக்கும். அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலில் நான்தான் பிரித்து வாசிக்கிறேன். பிறகுதான் அவளிடம் கொடுப்பேன். பாதிரித் திருடன் கதை எனக்குப் பிடித்திருந்தது. பாலத்துச் சண்டை நன்றாக இருந்தது. கடைசிக் கடிதத்தை அவளை எதிரில் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். அந்த எண்ணெய்க்காரர் எழுதிய பகுதியை இரண்டு தடவை வாசித்தேன். நல்ல மனிதர், என் நன்றியைச் சொல்லுங்கள்.

வீட்டில் சில மராமத்துச் செய்திருக்கிறேன். மூன்றாவது படி இப்போது முனகாது. எது முனகும் என்று எனக்கு மட்டும் தெரியும். நாயை வெளியே சங்கிலியில் கட்டியிருக்கிறேன். கூரைக் கதவை ஆணி அடித்தாயிற்று. வீட்டு விவரத்தை எல்லாம் யார் உங்களுக்கு எழுதியது என்று கேட்டேன். அவள் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

உங்கள் விளையாட்டில் அரக்கன் தூங்குகிறான். அதுதான் அதில் குறை.

ஜனவரியில் அவசியம் வாருங்கள்.

அன்புடன்
டென்சில் ட்ரெம்பாத்

*

மார்க்கெட் துறைமுகம்
அக்டோபர் 5
சைமா மூலமாக, கூட்டுறவுக் கடை

அன்புத் தங்கச்சிக்கு,

சைமாவிடம் சொல்: இந்தத் தாளை உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. படித்ததும் அவள் அடுப்பில் போடட்டும். கண் எப்படி இருக்கிறது? பார்வை தெரிகிறதா? அதை முதலில் எழுது.

அவர் கடிதத்தை ஹார்லன் பாதி வாசித்தான். மீதியை வாசிக்க அவனால் முடியவில்லை, லெஸ்டர் வாசித்தான். ஹார்லன் அன்று சாப்பிடவில்லை. திட்டாதே. நல்லது நினைத்துத்தான் எழுதினான்.

மார்க்கெட் துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் சுத்தியலோடு இறங்கப் போனேன். லெஸ்டர் ஏணியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டான். நூற்று முப்பது கிலோ உடம்பு. "எறங்கணும்னா என்னைத் தாண்டி எறங்குங்க பெருசு. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இத்தனை தடவை அந்த வீட்டுக்குள்ள பூந்தீங்களே, உள்ள இருந்த பொம்பள என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

பின்னால் நின்ற ஹார்லன், "அவளைக் கட்டிப் போட்டிருக்கு" என்றான்.

"யார்ரா கட்டினது? அரக்கனா, நீயா? அவளுக்குப் பகடை உண்டா இல்லையா?"

ஹார்லன் தாள்களைக் கொண்டுவந்து அங்கேயே புரட்டினான். கதவுக்கு எண் இருந்தது. பூட்டுக்கு, நாய்க்கு, படிக்கு எல்லாம் எண் இருந்தது. அரக்கனுக்குப் பக்கம் முழுக்க. உனக்கு ஒரு வரி. "பெண், ஒன்று" என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் வரியில் வெள்ளிக் கிண்ணம், கீழ் வரியில் மெழுகுவர்த்தி.

நான் சுத்தியலை எஞ்சின் அறையில் திருப்பி வைத்துவிட்டேன். பயந்து இல்லை. வெட்கமாக இருந்தது.

உன் ஆளை நீயே கட்டு, லெம்பி. அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு தூரம் நடப்பாள், எங்கே ஒளிவாள் என்று சொல். ஹார்லன் காத்திருக்கிறான். நான் இனி உள்ளே வரவில்லை. நீ வெளியே வா.

அண்ணன்

*

கூட்டுறவுக் கடை
அக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் தெரிகிறது. ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்பு நிழல். சைமாவின் பின்னறையில் அவசரமாக எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை என்று நினைக்காதே, விசாரித்ததாக வைத்துக்கொள்.

நீ எதற்காக வீட்டைக் கேட்டாய் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

என் ஆள் இதோ. அவளுக்கும் இரண்டு தொழில். ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு வந்தவள் இல்லை; இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறாள். காட்டுக்குலத்தாருக்குத்தான் அது முடியும் என்று ஹார்லன் சொன்னாராம். அவர் எந்த வீட்டுக்காரியையும் கேட்கவில்லை போலிருக்கிறது. பகலில் சமையல்காரி. மற்ற நேரமெல்லாம் திருடி. அவர் காலடியைக் கேட்டே எந்தக் கை ஓங்கும் என்று அறிவாள். பலகை முனகாமல் அடுப்பிலிருந்து ஜன்னல்வரை நடப்பாள். மூன்று வருஷப் பழக்கம். எது முனகும் என்று அவருக்கு மட்டும் தெரியும் என்று எழுதினாராம். புதுப் பலகையைத் துடைக்கிறவள் யார்? பலம் குறைவு, பிடியில் விரல் இரண்டு உதவாது. சண்டை போட மாட்டாள். போட்டுப் பார்த்துவிட்டாள், ஏப்ரலில். சாலை வழியாக ஓடினாள். லாரியில் வந்து பிடித்தார். மணிக்கட்டு அப்போது போனது.

ஷெரீஃபிடம் போகச் சொல்லாதே. அவரும் இவரும் ஒரே மான்வேட்டை முகாம்.

சமையலறை ஜன்னலில் புகுந்து வெளியே வர முடியும். பின்னால் சதுப்பு, அதைத் தாண்டினால் பழைய ரயில் பாதை. அங்கே சைமா காரோடு நிற்பாள். சதுப்பைத் தாண்டும் நேரத்துக்கு அவர் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கையில் இல்லை. நீ வர வேண்டாம். வருகிறாய் என்று அவர் நம்பினால் போதும்.

மான்வேட்டைப் பருவத்தின் முதல் நாள் நல்லது. காடெல்லாம் வெடிச்சத்தம். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

லெம்பி

*

டுலூத்
நவம்பர் 4

மாப்பிள்ளை டென்சிலுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், நான் வருகிற வரைக்குமாவது.

ஜனவரிவரை பொறுக்க முடியாது என்று தோன்றுகிறது. மான்வேட்டைப் பருவத்தின் முதல் நாள், பதினைந்தாம் தேதி, விடிந்ததும் வருவேன். கூரை வழியாக இல்லை, முன்வாசல் வழியாகவே வருவேன், நேரே சாலையிலிருந்து, வேட்டைக்காரன் மாதிரி ஆரஞ்சுச் சட்டை போட்டு. அன்று ஊரே ஆரஞ்சுச் சட்டைதான். எது நான் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு ஒருவனுக்கு என்ன செய்தேன் என்று லெம்பி உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நிதானம் கிடையாது. இப்போது நிதானம் உண்டு.

நாயை அவிழ்த்து விடுங்கள். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆர்வோ நிஸ்கலா

*

விலாசம் எழுதவில்லை
நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சைமாவின் அக்கா வீட்டில் இருக்கிறேன், வேறு மாநிலம். கால் விரல்கள் மரத்துப்போய் இப்போதுதான் உணர்ச்சி திரும்புகிறது. சாப்பிடுகிறேன். தூங்கவில்லை.

உன் கடிதத்தை அவர் வாசித்தார், எனக்கு உரக்க. பிறகு சிரித்தார். பதினான்காம் தேதியே விறகுக் கொட்டகைக்குள் நாற்காலியைக் கொண்டுபோய், வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முகாமுக்குக் கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் காப்பியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உன் அண்ணன் கெட்டிக்காரன்னு நெனச்சேன்டி" என்றார். "கெட்டிக்காரன் யாராவது நாளச் சொல்லிட்டு வருவானா?" காப்பியை ஊற்றினேன்.

மறுநாள் விடிவதற்கு முன் ஜன்னலில் இறங்கினேன். நாய் என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை, சோறு போடுகிறவள் நான்தானே. சதுப்பில் பனிக்கட்டி பாதி உறைந்து பாதி உறையாமல் இருந்தது. இடுப்புவரை இறங்கினேன். ஒரு செருப்பு போயிற்று. காடெல்லாம் தூரத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. அது எதுவும் என்னைத் தொடவில்லை.

பிறகு ஒன்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவர் துப்பாக்கி. வீட்டிலிருந்து. அதன்பின் ஓர் ஆளின் அலறல். ஆம்பிளைக் குரல், வயதான குரல் மாதிரி இருந்தது. வரமாட்டேன் என்று நீ சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டாய் என்று எனக்குத் தெரியும் அண்ணா, சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வந்துவிட்டாய் என்று நினைத்தேன். வாசலில் விழுந்து கிடக்கிறாய் என்று நினைத்தேன். மறுபடி அலறல், அதில் ஒரு பெயரும் இல்லை.

நான் நின்றேன். தண்ணீரில் நின்றேன். திரும்பியிருந்தால் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கலாம், நாலு மரம் தள்ளித்தான் கொல்லை. நான் திரும்பவில்லை. நீ செத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ரயில் பாதைவரை நடந்தேன். காரில் ஏறிச் சைமாவிடம் சொல்லவும் இல்லை. "போ" என்று மட்டும் சொன்னேன்.

விழுந்தது நீ இல்லை என்று மறுநாள் ரேடியோவில்தான் தெரிந்தது. ஃப்ளிண்ட் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், கென்னத் வாஸ். கார் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம், இழுக்கக் கயிறு கேட்க வந்தாராம். ஆரஞ்சுச் சட்டை. தொடை எலும்பு தூளாகி, காலை எடுத்துவிட்டார்கள். டென்சில் ஜெயிலில் இருக்கிறார். வெளியூர்க்காரரைச் சுட்டதால் ஷெரீஃபால் மூடி மறைக்க முடியவில்லை.

அந்த மனிதர் ரத்தத்தில் கிடந்தபோது நான் நடந்துகொண்டிருந்தேன். அவர் என்று தெரியாது. நீ என்று நினைத்து நடந்தேன். எது பெரிய பாவம் என்று எனக்குப் புரியவில்லை. பதில் எழுது. உன் வாயால் வருகிறது என்று ஹார்லன் அடியில் எழுதட்டும்.

லெம்பி

*

டுலூத்
டிசம்பர் 3

அன்புத் தங்கச்சி லெம்பிக்கு,

இது ஆர்வோ வாயால் வருவதுதான் என்று ஹார்லன் உறுதி சொல்கிறான். நான் சுகம். கப்பலில்தான் இருந்தேன், ஏரி நடுவில். அன்று விடிகாலை முழுக்க மேல்தளத்தில் தெற்கே பார்த்து நின்றேன். லெஸ்டர் கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனான். கால் விரல்களைச் சூடு தண்ணீரில் வைக்காதே. வெதுவெதுப்பாகத்தான் வைக்க வேண்டும்.

போலீஸ் வந்தார்கள். என் கடிதம் அவர்கள் கையில் இருந்தது. நான் சொல்லி எழுதியதுதான் என்றேன். மிரட்டல் கடிதம் என்றார்கள். ஆமாம் என்றேன். வழக்கு வருமா வராதா என்று பிறகு சொல்வார்களாம்.

ஆரஞ்சுச் சட்டையை யோசித்து எடுத்தவன் நான். டென்சிலின் கண் சாலையை விட்டு அகலக் கூடாது என்று எடுத்தேன். வேறொருவன் கயிறு கேட்டு அந்த வாசலுக்கு வருவான் என்று நினைக்கவே இல்லை. ஹார்லன், லெஸ்டர், நான், மூன்று பேரும் அந்தக் காலையை மேசையில் எத்தனையோ தடவை ஆடிப் பார்த்தோம். ஒரு தடவைகூட அப்படி யாரையும் சாலையில் நடக்கவிடவில்லை.

கப்பலைக் கரையில் கட்டியதும் வாஸ் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். லெஸ்டரும் வருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றேன். அவருக்கு அந்தச் சட்டை விஷயம் போலீஸ் சொல்லித் தெரியக் கூடாது. நான் சொல்ல வேண்டும். அவர் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன். போ என்றால் போவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். திரும்பாமல் நடந்தாயே, அது சரி. நான் அங்கே விழுந்து கிடந்திருந்தாலும் அது சரிதான். நீ திரும்பி வந்திருந்தால், அந்த வாசலில் சாகிற நேரத்திலும் உன்னைத் திட்டியிருப்பேன். எனக்கு ஓசையில்லாமல் நடக்கத் தெரியும், ஒளியத் தெரியும், பின்னால் வந்து அடிக்கத் தெரியும். ஓர் அலறலைக் கேட்டுக்கொண்டே முன்னால் நடக்க எனக்குத் தெரியாது. என் வாழ்க்கை முழுக்கத் திரும்பித் திரும்பித்தான் கெட்டேன்.

இந்த இடத்தில் ஹார்லன் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். "இதை எழுதணுமா பெருசு?" என்கிறான்.

எழுது என்கிறேன்.

தூங்கப் பார். விலாசம் அனுப்பாதே, வழக்கு முடியட்டும். சைமா கடைக்கே எழுதுகிறேன்.

அண்ணன்
ஆர்வோ